இருபத்தேழு மணிக்குப் பிறந்தவர்கள்

கம்ப்யூட்டர் பொய் சொல்லும் என்பதை உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் ஒரு செங்கல்பட்டுக்காரர். இதை நான் எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். அமெரிக்காவில் யாராவது முந்திக்கொண்டதாகச் சொன்னால், அவர்கள் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து நேரில் வந்து அவரிடமே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

அவர் பெயர் ரிஜெக்ட்டு. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், ஆனால் ஜில்லாவில் யாரும் அதைக் கேட்டதில்லை. பழைய சாஃப்ட்வேரிலிருந்து புது சாஃப்ட்வேருக்கு விவரங்களை ஏற்றித் தருவது அவர் தொழில். அப்படி ஏற்றும்போது புது சாஃப்ட்வேருக்குப் பிடிக்காத வரிகளை அது தனியாக ஒரு ஃபைலில் ஒதுக்கித் தள்ளிவிடும். உலகத்தில் எல்லோரும் உள்ளே போனதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "ரிஜெக்ட்டு எங்க கீது?" பெயர் ஒட்டிக்கொண்டது.

தன் கீபோர்டை ஒரு பூத்துவாலையில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவருவார். மற்றவர்கள் கீபோர்டில் கை வைத்தால் அவருக்கு அரிக்குமாம். இம்போர்ட் ஓடத் தொடங்கியதும் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். "பாத்துகினே இருந்தா அது கூச்சப்படும்மா" என்பார். திரையில் 'சக்ஸஸ்' என்று வந்தால் நாமெல்லாம் கை தட்டுவோம். அவர் முகம் சுருங்கிவிடும். "மாப்ள வூட்டுக்காரங்க பஜ்ஜி சொஜ்ஜி துன்னுட்டு, ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்னு சொல்வாங்களே, அந்த மாதிரிதான் இது சொல்ற சக்ஸஸ்ஸு. நம்பாத."

இன்னொரு விரதமும் உண்டு. ரிஜெக்ட் ஃபைல் காலியாகும்வரை சாப்பிடமாட்டார். டீ குடிப்பார், ஆனால் டிபன் பாக்ஸைத் திறக்கமாட்டார். ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு வரியிடமும் உட்கார்ந்து பேசுவார். "இன்னா நைனா, உனுக்கு இன்னா கஷ்டம்? ஏன் உள்ள போ மாட்டேன்ற?" என்று அவர் கேட்பதைப் பார்த்தால், ஆஸ்பத்திரி வார்டில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் தோற்றுப்போவார்.

அவரைப் பற்றி ஊரில் உலவிய கதைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கோவளத்தில் ஒரு ஐஸ் கம்பெனி, வாடிக்கையாளர்களைப் படகுப் பெயர் போட்டு வைத்திருந்தது. அந்தக் கரையில் கால்வாசிப் படகுகளுக்குக் 'கடலரசி' என்றுதான் பெயர். பழைய சாஃப்ட்வேர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதியது, ஒரு கடலரசியை மட்டும் அனுமதித்துவிட்டு மற்றவர்களை வெளியே தள்ளிவிட்டது. வேறு யாராவது என்றால் பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று போட்டிருப்பார்கள். ரிஜெக்ட்டு வெயிலில் மணலில் நடந்து, ஒவ்வொரு படகாகப் போய், "இது எந்தக் கடலரசி? இன்னா அடையாளம்?" என்று விசாரித்து வந்தார். இன்றும் அந்தக் கம்பெனி பில்லில் 'மூக்கொடஞ்ச கடலரசி', 'மச்சான் வாங்கின கடலரசி' என்றுதான் அச்சாகிறது. ஐஸ் ஒருநாளும் படகு மாறிப் போனதில்லை என்று கேள்வி.

மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல். விருந்தினர் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்ப வேண்டும் என்று பழைய பட்டியலைப் புது சாஃப்ட்வேரில் ஏற்றினார்கள். அது மாதத்தை முன்னால் படிக்கும் ஜாதி. நாளும் மாதமும் தலைகீழாகிவிட்டன. பன்னிரண்டாம் தேதிக்கு மேல் பிறந்தவர்கள் ரிஜெக்ட் ஆனார்கள், மற்றவர்கள் தப்பான நாளில் உள்ளே நுழைந்துவிட்டார்கள். நவம்பரில் பிறந்த ஒரு வெள்ளைக்காரருக்கு மே மாத வெயிலில் நாதஸ்வரத்தோடு கேக் போயிற்று. மனிதர் இது தமிழ்நாட்டு வழக்கம்போல என்று நினைத்து, கும்பிட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறு வருஷமும் மே மாதமே வந்து இறங்கினாராம். "ரிஜெக்ட் ஆனவன் நல்லவன்மா. என்னால ஆவாதுன்னு வாய வுட்டு சொல்லிட்டான். வேற ஆளா உள்ள போய் குந்திகினு கீறான் பாரு, அவந்தான் பேஜாரு" என்பார் ரிஜெக்ட்டு. இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் ஜாதகத்தைக் காப்பாற்றியது இதுதான்.

அப்போது நான் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என்றால் டைப் அடிப்பது, போன் எடுப்பது, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி சொல்வது, பெண் வீட்டாருக்குத் தைரியம் சொல்வது. முதலாளி, தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் 'மேடம்'. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் பிரம்பு மட்டும் குரலுக்குள் தங்கிவிட்டது. அவரிடம் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர். மையத்தில் பதிந்தவர்களின் ஜாதகமெல்லாம் அதற்குள்தான். பக்கவாட்டில் தட்டினால் வேலை செய்யும். பிறகு தட்டினால்தான் வேலை செய்தது. கடைசியில் தட்டினாலும் இருமியது. இருமும்போதெல்லாம் ரிஜெக்ட்டுதான் வந்து பழுது பார்த்துவிட்டுப் போவார்.

இந்த லட்சணத்தில் மேடம் ஒரு காரியம் செய்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு மண்டபம் பிடித்து, பதிந்த எல்லோரையும் குடும்பத்தோடு வரச்சொல்லி, வரன் அறிமுக விழா அறிவித்துவிட்டார். யாருக்கு யார் பொருத்தம் என்ற சீட்டும், நெஞ்சில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டையும் புது கம்ப்யூட்டரிலிருந்துதான் வரவேண்டும்.

"பொண்ணப் பெத்தவன் பஸ் ஏறி அவ்வளவு தூரம் வந்து, 'உங்க பொண்ணு பேரு இல்லீங்க'ன்னு நாம சொன்னா அந்த மனுஷன் முகம் எப்படி ஆகும்? ஒரே ஒரு பேரு விட்டுப் போனாலும் நான் இந்தக் கடைய மூடிட்டுப் போயிடுவேன். ஞாபகம் வெச்சிக்கோ" என்றார் மேடம். அவர் சொன்னால் செய்வார்.

புது சாஃப்ட்வேர் விற்ற சென்னைக் கம்பெனிப் பையன் போனிலேயே இம்போர்ட் செய்து, "சக்ஸஸ் மேடம்" என்றான். எனக்கு ஓர் அற்ப ஆசை, முதலில் என் பெயரைத் தேடினேன். ஆமாம், என் அம்மா என்னையும் அங்கே பதிந்து வைத்திருந்தாள், ஊழியர் சலுகையில். என் பெயர் இல்லை. இனிஷியலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இல்லை.

"பாத்தியா, கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு" என்றார் மேடம். பிறகுதான் அவருக்கு உறைத்தது. இவள் பெயர் இல்லையென்றால் இன்னும் யார் யார் இல்லை?

ரிஜெக்ட்டுக்குப் போன் போட்டேன். அவர் வந்த நேரம், முன்னறையில் ஒரு மாப்பிள்ளை குடும்பம் பெண்ணின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாசலைப் பார்த்து, "மேடம், ரிஜெக்ட் வந்தாச்சு!" என்று கத்தினேன். மாப்பிள்ளையின் அப்பா போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைக்க இரண்டு காபி செலவானது.

துவாலையைப் பிரித்து, கீபோர்டை மாட்டி, ஒதுக்கப்பட்ட ஃபைலைத் திறந்தார் ரிஜெக்ட்டு. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்லானது.

"இத்தப் பாரும்மா! உனுக்கு பொறந்த டைம் இன்னான்னு போட்டுக் கீது? இருபத்தேயு மணி நாப்பது நிமிசம்! இவுரு இருபத்தாறு மணி! இந்த அம்மா இருபத்தொம்பது! எந்த ஊரு கடியாரம்மா இது?"

நான் ஆடிப்போனேன். அம்மாவுக்குப் போன் போட்டு, நான் எப்போது பிறந்தேன் என்று கேட்டேன். "வியாழக்கிழமை ராத்திரிடீ. விடிஞ்சா வெள்ளி. ஏன், ஏதாவது வரன் வந்திருக்கா?" என்றாள். வரன் இல்லை, வாரம்தான் என்று சொல்லி வைத்தேன்.

'விடிஞ்சா வெள்ளி' என்று நான் திருப்பிச் சொன்னதும் ரிஜெக்ட்டு தொடையில் அடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் மையத்தின் ஜாதகங்களையெல்லாம் டைப் அடித்தவர் திருக்கழுக்குன்றத்து ஜோசியர் ஒருவர். வயதாகி வீட்டோடு இருந்தார். அவருக்கும் போன் போட்டேன்.

"ஆமா, நான்தான் போட்டேன். வியாழக்கிழமை ராத்திரி பொறந்த குழந்தைய வேற எப்படிப் போடறது? நடுராத்திரி பன்னெண்டு மணிக்கு நாள் மாறும்னு எவன் சொன்னான்? சூரியன் வரணுமோல்லியோ? கோழி கூடக் கூவலையே, அதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார் ஜோசியர். விடியும்வரை அவருக்கு வியாழன் வியாழன்தான். அதனால் இருபத்து நாலுக்கு மேலும் மணியை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார். பழைய சாஃப்ட்வேரும் அவர் பேச்சைக் கேட்டு அதற்கேற்பக் கணக்குப் போட்டிருக்கிறது. புது சாஃப்ட்வேர் பஞ்சாங்கம் படிக்காதது. விடியலுக்கு முன் பிறந்த அத்தனை பேரையும், பிறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டது.

ரிஜெக்ட்டு டீ குடிக்க எழுந்தார். அவர் திரும்புவதற்குள் சென்னைப் பையன் எனக்கு ஒரு சுலப வழி சொன்னான். "இருபத்து நாலைக் கழிச்சிடுங்க மேம், சிம்பிள்." கழித்தேன். சரசரவென்று எல்லோரும் உள்ளே போனார்கள். என் பெயரும் வந்தது. நான் சிரித்தபடி மேடத்துக்குக் காட்டினேன்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஏண்டி, நீ மகம் இல்ல? இதுல ஆயில்யம்னு போட்டிருக்கே."

மகத்தில் பிறந்தால் ஜகத்தை ஆளலாம் என்று என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது என்று ஊரே சொல்லும். ஒரே ஒரு கழித்தல் கணக்கில் நான் சிம்மாசனத்திலிருந்து இறங்கி மாமியார் குலத்துக்கே எதிரியாகிவிட்டேன். அம்மா இதைக் கேட்டிருந்தால் சென்னைக்கே போய் அந்தப் பையனைப் பெயர்த்திருப்பாள்.

கையில் டீ கிளாஸோடு வந்த ரிஜெக்ட்டு ஒரு பார்வை பார்த்தார். "உள்ள போச்சும்மா. ஆனா யாரா போச்சு?" என்றார். மணியைக் கழித்தால் கிழமையை ஒன்று கூட்ட வேண்டாமா? வியாழன் ராத்திரி மூன்று நாற்பதை வியாழன் விடியற்காலை மூன்று நாற்பதாக்கி, என்னை ஒரு நாள் முன்கூட்டியே பெற்றுவிட்டேன். அம்மாவுக்கு ஒரு நாள் வலி மிச்சம், எனக்கு ஆயுளுக்கும் ஆயில்யம்.

எல்லோரையும் வெளியே எடுத்தார். ஒவ்வொருவருக்கும் மணியைக் கழித்து, தேதியை ஒன்று கூட்டினார். மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். மறுபடி திருப்பியபோது நான் மகமாகவே உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஆனால் ரிஜெக்ட் ஃபைலில் இன்னும் கொஞ்சம் பேர்.

"பார்றா! முப்பத்திரெண்டாந் தேதி பொறந்தவங்க!" என்று குதித்தார் ரிஜெக்ட்டு. தேதி, மாதம், வருஷம் எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருந்ததால், மாதக் கடைசி ராத்திரியில் பிறந்தவர்கள் மாதத்தை விட்டு வழிந்துவிட்டார்கள். ஒவ்வொருவரையும் கைப்பிடித்து அடுத்த மாதத்தில் இறக்கி விட்டார். பிப்ரவரிக்காரர் ஒருவருக்காக, அந்த வருஷம் லீப் வருஷமா என்று அவருடைய அத்தைக்கே போன் போட்டு விசாரித்தார். அத்தை, "அந்த வருஷம் நல்ல மழை" என்று சொல்லி உதவினாள்.

இப்படியாகச் சனிக்கிழமை மத்தியானம் ஃபைலில் மிச்சம் ஒரே ஒரு வரி. பிறந்த நேரம் என்ற கட்டம் காலி. ஏதோ ஓர் ஆண் பெயர், அச்சரப்பாக்கம் பக்கத்து ஊர்.

"இவருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டேன்.

"அத்த வுட்ரு" என்றார் ரிஜெக்ட்டு. சொல்லிவிட்டு, கீபோர்டைத் துவாலையில் சுற்றினார். டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார்.

நானும் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூக்கொடஞ்ச கடலரசிக்காக வெயிலில் நடந்த மனிதர், ஒரு வரி பாக்கி இருக்கும்போது தயிர் சாதம் சாப்பிடுகிறார்! அந்த வரியில் போன் நம்பரைப் பார்த்தேன். தினம் மூன்று முறை நான் சுற்றுகிற நம்பர்தான்.

"அண்ணாத்த, இது நீங்களா?" என்றேன்.

அவர் டிபன் பாக்ஸைவிட்டுத் தலை தூக்கவில்லை. "எங்க அக்கா எப்பவோ வந்து பேரு குடுத்துட்டுப் போச்சும்மா. எங்கம்மா நாத்து நட்டுகினு இருந்தப்போ வரப்புலயே பொறந்தேன். கடியாரம் கட்டிகினா நடவுக்குப் போவாங்க? டைம் இல்லாம ஜாதகம் இல்ல, ஜாதகம் இல்லாம இந்தப் பொட்டி யாரையும் காட்டாது. முன்ன இருந்த பொட்டிலயும் அப்டியேதான் கெடந்தேன். வுடு."

எத்தனை வருஷமாக அந்தப் பழைய பெட்டியை வந்து வந்து பழுது பார்த்திருக்கிறார்! உள்ளே தன் பெயர் கேட்பாரற்றுக் கிடப்பது தெரிந்தே பார்த்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் பக்கத்திலிருந்த சென்னைப் பையனின் விசிட்டிங் கார்டைக் கிழித்தேன்.

"ஒரு நேரத்தப் போடு. காலைல ஆறு மணின்னு போடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மேடம்.

"வேணாம் மேடம்" என்றார் ரிஜெக்ட்டு, வாயில் சோற்றோடு. "பொய்ய போட்டு உள்ள போனா, அது நான் இல்ல."

மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு வெள்ளை அட்டையையும் பழைய மை பேனாவையும் எடுத்தார். கரும்பலகையில் பழகிய முத்து முத்தான கையெழுத்தில் அவருடைய நிஜப் பெயரை எழுதினார். அதன் கீழே, 'பிறந்த நேரம்: தெரியாது' என்று எழுதினார். "ஒரு பேரு விட்டுப்போனாலும் கடைய மூடுவேன்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு இதக் குத்திக்கிட்டு வரல, அப்புறம் பாரு" என்றார். ரிஜெக்ட்டு எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். மேடத்திடம் அடி வாங்காத பழைய மாணவன்கூட அப்படித்தான் நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் மண்டபத்தில் நல்ல கூட்டம். யார் பெயரும் விட்டுப்போகவில்லை. விடிஞ்சா வெள்ளிகளும் விடிஞ்சா திங்களும் நெஞ்சில் அட்டையோடு உலவினார்கள். கடற்காற்று ஜன்னல் வழியே புகுந்து பொருத்தச் சீட்டுகளை வாரியிறைத்ததில், ஒரு பெண்ணின் சீட்டு பறந்துபோய் சமையல்காரர் மடியில் விழுந்தது. அவர் பதறி எழுந்து, "எனுக்கு ரெண்டு பசங்க கீறாங்கம்மா" என்றார். எனக்கு அன்று கிடைத்ததெல்லாம் ஒரு பன்னீர் சோடாவும் தலைவலியும்தான். ஜகத்தை ஆள்கிறவளுக்கு அவசரம் இல்லை என்று அம்மாவைத் தேற்றினேன்.

ரிஜெக்ட்டு பிரிண்டர் பக்கத்தில், துவாலையைத் தோளில் போட்டு அட்டையை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். மேடம் போகிற போக்கில் துவாலையை உருவிக்கொண்டு போனார். சீட்டு வாங்க வந்த ஒரு பெண் அந்த அட்டையைப் படித்தாள். ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை.

"நெஜமாவே தெரியாதா?"

"தெரியாதுங்க."

"தெரியாதத தெரியாதுன்னு எழுதியிருக்கீங்களே. எங்க லேபுல எல்லாம், பேரு இல்லாத சாம்பிள் வந்தா உடனே ரிஜெக்ட்னு எழுதி ஓரமா வெச்சிடுவோம்."

ரிஜெக்ட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது. "ஓரமா வெச்சி? அப்பறம் அது இன்னா ஆவுது? யாரு வந்து கேக்கறது?"

"நான்தான் வார்டு வார்டா போய் யாருதுன்னு விசாரிப்பேன். மத்தவங்க திட்டுவாங்க."

பிரிண்டரில் பேப்பர் சிக்கி, அரை மண்டபம் கூச்சல் போட்டது. இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை. காதல் வசனம் ஒன்றும் கிடையாது. லேபில் ஒதுக்கப்பட்டவை என்ன ஆகின்றன என்பதைப் பற்றித்தான் சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை பேசினார்கள். ஜாதகப் பொருத்தம் யாரும் பார்க்கவில்லை. பார்க்கத்தான் வழியில்லையே. அந்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தி நடக்கும்போது மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினால், அவர் மாலையும் கழுத்துமாக மண்டப வாசலில் நின்று, உள்ளே வரக் கூச்சப்பட்டு நின்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் அந்தப் பக்கம் ஒரே கூச்சல், நடுவே ரிஜெக்ட்டின் குரல்.

"அம்மாடி! பொண்ணு பொறந்துகீதும்மா! நர்ஸம்மா பக்கத்துலயே நின்னு கடியாரம் பாத்து எயுதி வாங்கிட்டேன். டைம் கீதும்மா எம் பொண்ணுக்கு, டைம் கீது! இருபத்தாறு மணி பத்து நிமிசம்! விடிஞ்சா ஞாயிறு!"

கம்ப்யூட்டர் பொய் சொல்லும் என்பதற்கு நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார் என்றேன் அல்லவா? வாயில் நுரையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் அழவில்லை என்பதற்கு மட்டும் சத்தியம் கேட்காதீர்கள்.